மூளை ரத்தக்குழாயில் கோளாறு இருந்தால் இ.சி.டி. கொடுக்கலாமா? குடும்பத்தாருக்கான முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். இரண்டு மூன்று மருந்துகளை மாற்றிப் பார்த்தாயிற்று. மனநல மருத்துவர் இ.சி.டி. (மயக்கத்தில் வைத்து மூளைக்கு மின்தூண்டல் தந்து சிறு வலிப்பை உண்டாக்கும் சிகிச்சை) கொடுத்துவிடலாம் என்கிறார். "கரண்ட் வைக்கிறதா?" என்று முதலில் பதறிய குடும்பம், நாலு நாள் யோசித்து ஒருவழியாகச் சம்மதிக்கிறது. அதற்கு முன்னால் ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியில், மூளைத் தமனி ஒன்றில் 4 மில்லிமீட்டர் அனியூரிசம், அதாவது ரத்தக்குழாய்ப் புடைப்பு, இருப்பதாக எழுதியிருக்கிறது. அன்றிரவு அந்த வீட்டில் யாரும் தூங்குவதில்லை.

நான் சொன்னது கற்பனை வீடுதான். ஆனால் அந்த நிலைமை அபூர்வமானதல்ல. வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு மூளை ரத்தக்குழாயில் இப்படி ஒரு சிறு குமிழ் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு அது கடைசிவரை தெரிவதே இல்லை. ஸ்கேன் எடுப்பது பெருகப் பெருக, தேடாமலேயே கண்ணில் படுவதும் பெருகுகிறது.

ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி வந்துவிட்டது என்பதற்காகவே இ.சி.டி.யைக் கைவிட வேண்டியதில்லை. அதே சமயம், அந்த வரி என்ன சொல்கிறது என்று பார்க்காமல் கொடுக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலைகளைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன். முடிவு உங்கள் மருத்துவர்களோடு சேர்ந்து எடுக்க வேண்டியது. அந்தப் பேச்சுக்கு உங்களைத் தயார் செய்வதே என் நோக்கம்.

படி 1: அந்தச் சில நிமிடங்களில் ரத்தக்குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் மனதில் இருக்கும் படத்தை மாற்ற வேண்டும். விழித்திருக்கும் ஆளை நாலு பேர் பிடித்துக்கொள்ள ஷாக் கொடுப்பது சினிமாவில் பார்த்தது. 1938இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது மயக்க மருந்து இல்லைதான். இன்று இந்தியாவில், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 95ஆவது பிரிவு, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இ.சி.டி. தருவதையே தடை செய்கிறது. நோயாளி தூங்கிவிடுவார். தசைகள் தளர்ந்திருப்பதால் உடல் துள்ளாது, கால்விரலில் லேசான அசைவு தெரிந்தால் உண்டு. வலிப்பு நடப்பது மூளையில்தான். அதை, மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. கோடுகளில் பார்த்துக்கொள்வார்கள்.

ரத்தக்குழாயைப் பொறுத்தவரை கதை இரண்டு கட்டமாக நடக்கிறது. மின்தூண்டல் கொடுக்கும் விநாடிகளில் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு நாடித்துடிப்பு சட்டென்று குறையும். சிலருக்கு இரண்டு மூன்று விநாடிகள் நின்றுகூடத் தொடரும். வலிப்பு தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. உடலில் அட்ரினலின் பாய்ந்து இதயம் வேகமெடுக்கிறது, பி.பி.யின் மேல் எண் வழக்கமாக 30 முதல் 40 சதவீதம் உயர்கிறது. 120 இருந்தவருக்கு 160ஐ ஒட்டிப் போகும். தொடக்கத்திலேயே 150 இருந்தவருக்கு 200ஐ எட்டும். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். மூளை அந்த நேரத்தில் கடுமையாக வேலை செய்வதால் அதற்குள் ரத்தம் பாயும் வேகமும் இருமடங்கைத் தாண்டலாம். மண்டைக்குள் அழுத்தமும் கொஞ்ச நேரம் கூடுகிறது.

வலிப்பு பெரும்பாலும் 20 முதல் 60 விநாடிக்குள் முடிந்துவிடும். அதற்குப் பின் சில நிமிடங்களில் பி.பி. இறங்கத் தொடங்கி, கால் மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆக, பலவீனமான ரத்தக்குழாய்க்குச் சோதனை என்பது ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள்தான். ஆனால் ஒரு முழுச் சுற்றில் 6 முதல் 12 தடவை வரை கொடுப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பொதுவான ஆபத்து எவ்வளவு? 32 நாடுகளின் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட இ.சி.டி. அமர்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு மதிப்பாய்வு வந்தது. அதில் லட்சம் அமர்வுக்கு 2.1 மரணம் என்று கணக்கிட்டார்கள். சின்ன அறுவைக்கு மயக்க மருந்து கொடுப்பதில் இருக்கும் ஆபத்தை ஒட்டியதுதான் இது. மூளை ரத்தக்குழாயில் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. அவர்களுக்கு ஆபத்தைத் தனியாக எடைபோட வேண்டும்.

படி 2: ரிப்போர்ட்டில் இருப்பது எந்தக் கோளாறு?

"மூளை நரம்பில் பிரச்சினை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது நம் வழக்கம். ஆனால் இந்தப் பெயர்களுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. சில கோளாறுகளில் பி.பி. ஏறுவது ஆபத்து. சிலவற்றில் இறங்குவது ஆபத்து. ஒன்றில் எதுவுமே ஆபத்தில்லை. அதனால் இந்தப் படிக்கு நேரம் செலவழியுங்கள்.

அனியூரிசம். தமனியின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, சைக்கிள் டியூப் புடைப்பதுபோல வெளியே புடைத்திருப்பது. எல்லோரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். அதில் நியாயமும் இருக்கிறது. வெடித்தால் உயிர் போகலாம். எந்த அனியூரிசம் வெடிக்கும் என்பதில் நான்கு விஷயங்கள் பேசும்: அதன் அளவு, அது இருக்கும் இடம், முன்பு எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவு ஆகியிருக்கிறதா, பி.பி. கட்டுக்குள் இருக்கிறதா. 2003இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வில், முன்பு கசிவு ஏற்படாதவர்களில், மூளையின் முன்பக்கத் தமனிகளில் 7 மில்லிமீட்டருக்குக் குறைவான அனியூரிசம் இருந்தவர்களுக்கு ஐந்தாண்டில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. பின்பக்கத் தமனிகளில் அதே சிறிய அளவுக்கு 2.5 சதவீதம். 7 முதல் 12 மில்லிமீட்டர் என்றால் முன்பக்கத்தில் 2.6, பின்பக்கத்தில் 14.5 சதவீதம். 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் 40, 50 என்று எகிறுகிறது. சிறிய அனியூரிசம் வெடிக்கவே வெடிக்காது என்று இதற்குப் பொருளில்லை. வெடித்து வருகிறவர்களில் சிறியது உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 4 மில்லிமீட்டர் என்று படித்ததும் உறைந்துபோகத் தேவையில்லை.

இ.சி.டி.யின்போது வெடித்திருக்கிறதா? வெடிக்காத அனியூரிசம் இருப்பது தெரிந்தே, பி.பி.யைக் கட்டுப்படுத்தி இ.சி.டி. கொடுத்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் வந்திருக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சிகிச்சையின்போது அனியூரிசம் வெடித்ததாக எதுவும் பதிவாகவில்லை என்றே எழுதியிருக்கிறார்கள். ஆறுதலான செய்திதான். ஆனால் இவை தனித்தனி நோயாளிகளின் கதைகள். நன்றாக முடிந்த கதையை எழுதி அனுப்புகிறவர்கள் அதிகம் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அனியூரிசத்தோடு தொடர்பில்லாமல், இ.சி.டி.க்குப் பின் மூளை ரத்தக்கசிவு நேர்ந்ததாக மிக அரிதான பதிவுகளும் உண்டு.

ஏற்கெனவே கிளிப் போட்டோ, காயில் என்ற நுண்ணிய உலோகச் சுருளை வைத்தோ அடைத்த அனியூரிசம் என்றால் நிலைமை இன்னும் இலகு. "தலைக்குள்ளே உலோகம் இருக்கிறதே, கரண்ட் பாயுமா?" என்று கேட்பார்கள். மண்டையோடு மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும். உள்ளே போவது சிறு பங்குதான், அதில் அந்தச் சிறிய கிளிப் சூடாகிவிடாது. உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. அறுவையின்போது எலும்பைத் திறந்த இடம் சரியாக மூடாமல் இருந்தால், அந்த வழியாக மின்சாரம் குவிந்து நுழையும். அதனால் மின்முனையை அந்த இடத்திலிருந்து தள்ளி வைப்பார்கள். பழைய தழும்பு எங்கே இருக்கிறது என்று நீங்களே விரலை வைத்துக் காட்டுங்கள், முடிக்குள் மறைந்திருக்கும்.

ஏ.வி.எம். தமனியும் சிரையும் நடுவில் நுண்குழாய்கள் இல்லாமல் நேரடியாகப் பின்னிக்கொண்ட சிடுக்கு. தமனியின் முழு அழுத்தமும் மெல்லிய சிரைக்குள் இறங்குவதுதான் சிக்கல். ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் கசியும் வாய்ப்பு உண்டு. ஒருமுறை கசிந்திருந்தால், அதுவும் முதல் ஆண்டில், இன்னும் கூடும். இவர்களுக்கு இ.சி.டி. கொடுத்த அனுபவம் அனியூரிசத்தைவிடக் குறைவு. என் பார்வையில், பெரிய ஏ.வி.எம்., அதற்குப் போகும் தமனியிலேயே அனியூரிசமும் உள்ளது, அண்மையில் கசிந்தது ஆகியவற்றை மிகவும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். காமா கத்தி எனப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சிடுக்கு முழுதாக அடைபட இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுவரை கசியும் ஆபத்து அப்படியேதான் இருக்கும். "போன வருஷமே சிகிச்சை எடுத்தாச்சு" என்று சொன்னால் மருத்துவர் முழுதாகக் குணமானது என்று நினைத்துவிடலாம். தேதியோடு சொல்லுங்கள்.

கேவர்னோமா. சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்த, ரத்தம் மெதுவாக ஓடும் முடிச்சு. அழுத்தம் குறைவு என்பதால் பி.பி. ஏறுவதால் மட்டும் வெடிப்பது அனியூரிசம் போல இல்லை. முன்பு கசியாததும் மூளைத்தண்டில் இல்லாததுமான கேவர்னோமாவுக்கு ஐந்தாண்டில் கசியும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. மூளைத்தண்டில் இருந்து, முன்பே கசிந்தும் இருந்தால் அதே ஐந்தாண்டில் 30 சதவீதத்தை ஒட்டிப் போகிறது. ஒரே பெயருக்குள் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். கேவர்னோமா உள்ளவர்களுக்கு வலிப்பு நோயும் இருக்கலாம், வலிப்பு மருந்து சாப்பிடலாம். அது இ.சி.டி.க்கு வேறொரு சிக்கலைக் கொண்டுவரும், பிறகு சொல்கிறேன்.

டெவலப்மென்டல் வீனஸ் அனாமலி என்று எழுதியிருந்தால் பெருமூச்சு விடலாம். பிறவியிலேயே சற்று வேறு வடிவத்தில் அமைந்த சிரை, அவ்வளவுதான். சுற்றியுள்ள மூளைக்கு அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் கேவர்னோமா ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்காக இ.சி.டி.யை நிறுத்துவதில் அர்த்தமில்லை.

இனி எதிர்த்திசை: ரத்தக்குழாய் அடைப்பும் சுருக்கமும். கழுத்துத் தமனியில் கடுமையான சுருக்கம் இருப்பவருக்கும், மூளையின் அடித்தளத் தமனிகள் மெல்ல அடைபடும் மோயாமோயா நோய் இருப்பவருக்கும், பி.பி. இறங்கினால்தான் மூளைக்கு ரத்தம் போதாமல் போகும். "மூளை ரத்தக்குழாய்க் கோளாறு, அதனால் பி.பி.யை நன்றாக அமுக்கு" என்று பொத்தாம்பொதுவாகச் செய்தால் இவர்களுக்குப் பக்கவாதமே வரலாம். மோயாமோயாவில் இன்னொன்றும் உண்டு. வலிப்பு நன்றாக வர வேண்டும் என்று மின்தூண்டலுக்கு முன் வேகமாக மூச்சு ஏற்றுவது வழக்கம். அது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்து மூளைக் குழாய்களைச் சுருக்கும். ஏற்கெனவே சுருங்கிக் கிடப்பவருக்கு அது கூடாது. மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரைச் சொல்வது எவ்வளவு முக்கியம் என்பது இதில் தெரியும்.

பக்கவாதம் வந்தவர்கள். பக்கவாதத்துக்குப் பின் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதில் சிலருக்கு மருந்து பிடிக்காமல் இ.சி.டி. தேவைப்படும். பல மாதங்களுக்கு முந்தைய, ஆறிப்போன பக்கவாதம் தடையல்ல. கடந்த ஒரு மாதத்துக்குள் வந்தது என்றால் ஆபத்து அதிகமானவர்கள் பட்டியலில் வருவார்கள், முடிந்தவரை தள்ளிப்போடுவது நல்லது. அனியூரிசம் வெடித்துப் பிழைத்தவர்களுக்கு நான்காம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை மூளைக் குழாய்கள் இறுகிச் சுருங்கும் கட்டம் வரும். அந்த வாரங்களில் இ.சி.டி. என்ற பேச்சே வேண்டாம்.

வயதானவர்கள் ரிப்போர்ட்டில் அடிக்கடி வருவது, நுண்குழாய்கள் தேய்ந்ததால் மூளையின் வெள்ளைப் பகுதியில் தெரியும் திட்டுகள். உயிருக்கு ஆபத்து என்பதைவிட, இ.சி.டி.க்குப் பின் குழப்பமும் மறதியும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பதே இதில் சங்கதி. அமர்வுகளை இடைவெளி விட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

மூளையில் கட்டியோ ரத்தக்கட்டோ அழுத்தி, மண்டைக்குள் அழுத்தம் ஏற்கெனவே உயர்ந்திருந்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும். சிரைக் குழாயில் ரத்தம் உறைந்து அழுத்தம் ஏறியிருப்பதும் இதில் சேரும். முதலில் அதற்கு வைத்தியம், அப்புறம்தான் மற்றது. இ.சி.டி.க்கு முழுமையான தடை என்று எதையும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2001 வழிகாட்டுதல் சொல்வதில்லை. ஆனால் ஆபத்து கூடியவை என்று அது குறிப்பிடும் நிலைகளில் இதுவும், அழுத்தம் ஏறினால் வெடிக்கக்கூடிய அனியூரிசமும் ரத்தக்குழாய்ச் சிடுக்கும், அண்மைப் பக்கவாதமும் இருக்கின்றன.

படி 3: தராசின் மறுதட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

குடும்பங்கள் பெரும்பாலும் ஒரு தட்டை மட்டுமே பார்க்கின்றன என்பது என் வருத்தம். இ.சி.டி. கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறோம். கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பதில்லை.

சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் கிடப்பவருக்கு உடல் வற்றிப்போகும், சிறுநீரகம் பழுதாகும். அசையாமல் உறைந்துபோகும் கேட்டடோனியாவில் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய் உயிரை எடுக்கலாம். கடும் மனச்சோர்வில் தற்கொலை எண்ணம் எப்போது செயலாகும் என்று யாரும் சொல்ல முடியாது. பதற்றத்தில் நாள் முழுக்க அலைகிறவருக்கு பி.பி.யும் நாள் முழுக்க ஏறி இறங்குகிறது, அங்கே அளந்து பார்க்க மயக்க மருத்துவர் இல்லை.

அனியூரிசம் எந்தத் தருணத்தில் வெடிக்கிறது என்று ஆராய்ந்தவர்கள், கோபம், திடுக்கிடல், காபி, மூக்கைப் பலமாகச் சிந்துதல், மலச்சிக்கலில் முக்குதல் போன்றவற்றைத் தூண்டுதல்களாகக் கண்டார்கள். மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் கடும் மலச்சிக்கலைத் தருபவை. வென்லாஃபாக்சின் பி.பி.யை ஏற்றக்கூடியது. "கரண்ட் வேண்டாம், மாத்திரையே போதும்" என்பது ஆபத்தில்லாத வழி என்று நினைப்பது சரியில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மாற்று வழிகளையும் கேளுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். மூக்கில் தெளிக்கும் எஸ்கெட்டமின் 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய மருந்து. அதன் மருந்துக் குறிப்பிலேயே அனியூரிசம், ஏ.வி.எம்., முன்பு மூளை ரத்தக்கசிவு உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது என்று இருக்கிறது, பி.பி.யை ஏற்றுவதால். காந்தத் தூண்டல் சிகிச்சை பி.பி.யை அவ்வளவாகத் தொடாது. ஆனால் தலைக்குள் கிளிப்போ காயிலோ இருந்தால் அது தடையாகலாம், கேட்டடோனியாவிலும் உயிருக்குப் போராடும் நிலையிலும் இ.சி.டி.யின் வேகம் அதற்கு இல்லை. கேட்டடோனியாவுக்கு முதலில் லோரசிபாம் ஊசி கொடுத்துப் பார்ப்பது நல்ல வழக்கம், அதிலேயே எழுந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நிலைமை அவசரமில்லை, அனியூரிசமோ பெரியது என்றால், அதற்கு முதலில் சிகிச்சை எடுத்துவிட்டு பிறகு இ.சி.டி. என்று போகலாம். அவசரம், அனியூரிசமோ சிறியது என்றால் கட்டுப்பாட்டோடு இ.சி.டி. முதலில் என்பது நியாயம். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

படி 4: மூன்று மருத்துவர்களை ஒரே பேச்சுக்குக் கொண்டுவாருங்கள்

மனநல மருத்துவர், மயக்க மருத்துவர், நரம்பியல் அல்லது நரம்பு அறுவை மருத்துவர். இந்த மூவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திருக்க வேண்டும். நடைமுறையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டடத்தில் இருப்பார்கள், ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நீங்கள்தான். அலுத்துக்கொள்ளாமல் ஓடுங்கள், இதில் அது பெரிய வேலை.

நரம்பு மருத்துவரிடம் போய் "இ.சி.டி. கொடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டால் "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வர வாய்ப்புண்டு. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். இது எந்த வகை, எத்தனை மில்லிமீட்டர், எந்தத் தமனியில்? கசிந்த அடையாளம் இருக்கிறதா? பி.பி. சில நிமிடங்கள் ஏறினால் தாங்குமா, அதிகபட்சம் எவ்வளவுக்குள் வைத்திருக்க வேண்டும்? குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும்? இன்னும் படம் தேவையா, ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ எடுக்கவா? இந்தப் பதில்களைக் குறிப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். "மேல் எண் இவ்வளவைத் தாண்டக் கூடாது" என்ற ஒரு வரி மயக்க மருத்துவருக்குப் பெரிய உதவி.

இடத்தையும் யோசியுங்கள். வழக்கமான நோயாளிக்குச் சிறிய மனநல மருத்துவமனை போதும். இவர்களுக்கு சி.டி. ஸ்கேன், தீவிர சிகிச்சைப் பிரிவு, நரம்பு அறுவைப் பிரிவு மூன்றும் உள்ள மருத்துவமனையே சரி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் ரத்தக்குழாய்க் கோளாறு இருப்பதும் அதனால் வரும் கூடுதல் ஆபத்தும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். நோயாளியால் முடிவெடுக்க முடிந்தால் அவர் சொல்வதே முடிவு. முடியாத நிலையில் சட்டப்படியான நியமனப் பிரதிநிதி துணை நிற்பார். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பாதுகாவலரின் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் முன்அனுமதியும் வேண்டும். அவசரச் சிகிச்சைக்கான சட்டப்பிரிவைக் காட்டி இ.சி.டி. கொடுக்க முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

படி 5: முந்தைய நாட்களில் மருந்துகளைச் சரிபார்த்தல்

மேலே சொன்ன 150, 200 கணக்கு இங்கேதான் வருகிறது. பி.பி.யைச் சிகிச்சை மேசையில் மட்டும் அடக்க முயல்வது தாமதம். அதற்கு முந்தைய நாட்களிலேயே அடிமட்டத்தைக் கீழே கொண்டுவர வேண்டும். காலை பி.பி. மாத்திரையை வெறும் வயிறு என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. மயக்க மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், ஒரு மடக்குத் தண்ணீரோடு அதைப் போட்டுவிட வேண்டும்.

காயிலோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சாப்பிடுவார்கள். இ.சி.டி.க்காக அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு, உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு சரியான எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வலிப்பு மருந்து சாப்பிடும் கேவர்னோமா, ஏ.வி.எம். நோயாளிகளின் சிக்கல் என்று சொன்னேனே, அது இதுதான். வலிப்பைத் தடுக்கும் மருந்து இ.சி.டி.யின் வலிப்பையும் தடுக்கும். அதை ஈடுகட்ட அதிக மின்தூண்டல் தேவைப்படும். முழுதாக நிறுத்தினாலோ, தானாக வலிப்பு வரும். அது கட்டுப்பாடில்லாத இடத்தில் வருவது இன்னும் மோசம். பெரும்பாலும் மருந்தைத் தொடர்ந்து, சிகிச்சை நாளின் காலை வேளையை மட்டும் தள்ளிவைப்பார்கள். தூக்க மாத்திரை வகை மருந்துகளையும் குறைப்பார்கள்.

கடைசியாகச் சாப்பிட்டு ஆறு மணி நேரம், தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பாசத்தில் யாரும் காபி கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: அந்தக் காலையில் அறைக்குள் என்ன வித்தியாசமாகச் செய்ய வேண்டும்

நீங்கள் வெளியேதான் நிற்பீர்கள். ஆனாலும் உள்ளே நடப்பது தெரிந்தால் முன்கூட்டியே கேட்கலாம்.

மயக்கத்துக்கு ப்ரொபோஃபால் பி.பி.யை ஏறவிடாமல் கொஞ்சம் அடக்கும், தையோபென்டோன் அந்த அளவுக்கு அடக்காது. கெட்டமின் பி.பி.யை ஏற்றும், அனியூரிசத்தில் அது தவிர்க்கப்பட வேண்டியது. மின்தூண்டலுக்கு ஓரிரு நிமிடம் முன்பு, பி.பி.யையும் நாடியையும் அடக்கும் எஸ்மோலால் அல்லது லபெட்டலால் ஊசி போடுவார்கள். எஸ்மோலாலின் வீரியம் ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், ஆக ஏற்றம் முடிவதற்கும் மருந்து கலைவதற்கும் கணக்கு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. லபெட்டலால் மணிக்கணக்கில் நிற்கும். அதனால் பிறகு பி.பி. மிகவும் இறங்கிவிடாமல் பார்க்க வேண்டும், ரத்தக்குழாய்ச் சுருக்கம் உள்ளவர்களுக்கு முக்கியமாக.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் கட்டத்தில் நாடி குறையும் என்று சொன்னேன். நாடியைக் குறைக்கும் இந்த மருந்தும் போட்டு, மின்தூண்டலும் வலிப்பை உண்டாக்காமல் தவறிவிட்டால், ஏற்றமே வராமல் நாடி அதிக நேரம் நின்றுவிடும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க அட்ரோபின் அல்லது கிளைகோபைரோலேட் கையில் இருக்கும். ஆனால் அதை அதிகம் கொடுத்தால் பி.பி.யும் நாடியும் எகிறும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிற வேலை இது. எவ்வளவு மின்தூண்டல் தேவை என்று முதல் அமர்வில் படிப்படியாக ஏற்றிப் பார்ப்பது வழக்கம் என்றாலும், இப்படிப்பட்டவர்களுக்குத் தவறும் தூண்டல்களைக் குறைக்க, வயதை வைத்து அளவைத் தீர்மானிக்கிற குழுக்களும் உண்டு.

ஆபத்து அதிகம் என்றால் கைத் தமனியில் ஊசி வைத்து ஒவ்வொரு துடிப்புக்கும் பி.பி.யைப் பார்ப்பார்கள். சாதாரணப் பட்டை ஒரு நிமிடத்துக்கு ஒரு எண் சொல்வதற்குள் உச்சமே கடந்து போயிருக்கும். வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டினால் மருந்து கொடுத்து நிறுத்துவார்கள்.

முதல் அமர்வு முடிந்ததும் உச்ச பி.பி. எவ்வளவு, எந்த மருந்து எவ்வளவு கொடுத்தார்கள், வலிப்பு எத்தனை விநாடி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த அமர்வில் வேறு மயக்க மருத்துவர் பணியில் இருக்கலாம்.

படி 7: கண் விழித்த பின்

லேசான தலைவலி, உடல்வலி, அரை மணி நேரக் குழப்பம், அன்றைய காலை மறந்துபோவது எல்லாம் வழக்கமானவை. பாராசிட்டமால் போதும். இவர்களுக்கு வலி மாத்திரை எதுவானாலும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கீழே சொல்பவை வழக்கமல்ல. இடி விழுந்தாற்போல ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி. கழுத்து விறைப்பது, விடாத வாந்தி. ஒரு கண்ணின் இமை சரிவது, அந்தக் கண்மணி மட்டும் விரிந்திருப்பது, ஒன்று இரண்டாகத் தெரிவது. ஒரு பக்கக் கை கால் விழுவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது. எழுந்தவர் மறுபடி மந்தமாகிக்கொண்டே போவது. மருத்துவமனையில் இருந்தால் செவிலியரை உடனே கூப்பிடுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு என்றால் 108ஐ அழையுங்கள். "ஷாக் கொடுத்தா தலை வலிக்கத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம், உடனே சி.டி. எடுக்கச் சொல்லுங்கள். இந்த அடையாளங்களை ஒரு தாளில் எழுதி, இரவில் நோயாளியோடு தங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

சுற்று முடிந்து அம்மா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கும் நாளில், அந்த அனியூரிசத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அது போகவில்லை. எப்போது மறுபடி படம் எடுக்க வேண்டும் என்று நரம்பு மருத்துவரிடம் தேதி வாங்குங்கள். பி.பி. மாத்திரை தொடர வேண்டும், புகைப் பழக்கம் இருந்தால் விட வேண்டும், மலச்சிக்கலுக்கு வழி செய்ய வேண்டும். நோய் திரும்பாமலிருக்க மாதம் ஒருமுறை இ.சி.டி. தொடரலாம் என்று மனநல மருத்துவர் சொன்னால், இரண்டாம் படியிலிருந்து பேச்சை மறுபடி தொடங்குங்கள், முதல் சுற்றில் எழுதி வைத்த அந்த பி.பி. எண்களோடு.